வீடு பார்க்க வந்தவர்கள்

சிங்காநல்லூர்
12.1.2025

அன்புள்ள அன்புச்செல்விக்கு,

புவனா அக்கா எழுதுவது. நான் நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை. உன் நலம் நீ எழுதினால்தான் தெரியும். மார்கழி முழுக்க உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் ஓய்வு பெற்ற அன்று நாம் பேசிக்கொண்டது மறந்துபோச்சா? சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் போன், மற்றதெல்லாம் கடிதம். தபால் ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தியவர்கள் நாம். நாமே எழுதாவிட்டால் இனி யார் எழுதப்போகிறார்கள், சொல்லு.

ஒரு பெரிய செய்தி. வீட்டை விற்கப் போட்டுவிட்டேன். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை பெரிய வீட்டில் ஒருத்தியாக என்ன செய்கிறாய் என்று நந்திதா புனேயிலிருந்து தினமும் போனில் பாடம் நடத்துகிறாள். விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். அவள் வீடு பதினேழாவது மாடியில் இருக்கிறது. அங்கே போய் நான் யாரிடம் என்ன பேசுவேன்? மருமகனுக்கும் எனக்கும் "சாப்டீங்களா" என்பதைத் தாண்டிப் பேச்சே கிடையாது. இருந்தாலும் அவள் தொல்லை தாங்காமல் கேட்டில் பலகை மாட்டச் சொல்லிவிட்டேன்.

புரோக்கர் பெயர் மனோஜ்குமார். கையில் மூன்று போன், மூன்றும் ஒரே நேரத்தில் அடிக்கும். அவர் கூட்டிவருகிற ஆட்களைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். ஒருத்தர் உள்ளே வராமலே ரோட்டை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார். இன்னொருத்தர் போனில் திசை பார்த்து, "தெக்குப் பாத்த ஊடுங்களா" என்று ஏதோ நான் திருப்பி வைத்துவிட்ட மாதிரி முறைத்தார். ஒரு புருஷன் பெண்டாட்டி என் படுக்கையறையில் நின்றுகொண்டு லிப்ட் எங்கே வரும் என்று பேசிக்கொண்டார்கள். இடித்துவிட்டு அபார்ட்மென்ட் கட்டப் போகிறார்களாம். மார்பிள் போட்ட வீடு ஐயா என்று மனோஜ்குமாரிடம் சொன்னேன். "ஊட்டுக்கு வெலையே இல்லீங்கம்மா, எடத்துக்குத்தானுங்க வெலை. ஊடுன்னா இடிக்கற செலவுங்க" என்றார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்னிடம் சொல்வதற்கென்ன, ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வீட்டில் மனுஷக் குரல் கேட்டு எத்தனை நாளாச்சு! வருகிற எல்லோருக்கும் காபி போடுகிறேன். விலை கேட்டால் கொஞ்சம் கூட்டியே சொல்கிறேன். படிந்துவிட்டால் அடுத்த வாரம் யார் வருவார்கள்? மனோஜ்குமார் தலையில் அடித்துக்கொள்கிறார். நந்திதாவிடம் சொல்லிவிடாதே.

தை பிறந்ததும் ஆட்கள் நிறைய வருவார்களாம். நீ உடனே பதில் எழுது.

உன் அக்கா,
புவனா


கிணத்துக்கடவு
27.1.2025

அன்பான அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே எனக்கு வாசலில் உட்காரவும் வழியில்லை. வீட்டுக்காரர் மோட்டார் போட வரும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்க்கிறார். அவர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. "ஆனிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க டீச்சர்" என்கிறார். நான் டீச்சர் இல்லை, தபால் ஆபீஸ் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

இனி வாடகை வீடு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஓய்வுப் பணம் அப்படியே இருக்கிறது. அதற்கு ஒரு சின்ன வீடு, என் பெயரில். மறுபடி ஒருத்தர் வந்து காலி செய்யச் சொல்லாத வீடு. சிங்காநல்லூர் பக்கமே கிடைத்தால் சபைக்குப் போக வசதி, ஆஸ்பத்திரியும் பக்கம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தம்பி மகள் மெர்சியின் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்பிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களின் கதையை நீங்கள் எழுதினீர்கள். போகிறவளின் கதையை நான் எழுதுகிறேன்.

எல்லா வீட்டிலும் மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க. வீட்டைக் காட்டிக்கொண்டே, "சொந்த ஊருங்க எதுங்க?" கிணத்துக்கடவுப் பக்கம் என்பேன். "அங்கெ நம்ம சொந்தக்காரங்க நெறையப் பேருங்க. நீங்க எந்தக் கூட்டமுங்க? கொலசாமி கோயில் எதுங்க?" நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்பேன். அதற்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். "ஊருல எந்த வீதியில இருந்தீங்க?" காலனி என்று சொல்லிவிடுவேன். எங்கள் அப்பா ஒருத்தர் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். அதை மறைத்து ஒரு வீடு வாங்கி நான் என்ன செய்யப் போகிறேன்?

அத்தோடு சரி. ரெண்டு நாளில் புரோக்கர் சுப்பண்ணனுக்குப் போன் வரும். அமெரிக்காவில் இருக்கும் மகன் விற்க வேண்டாம் என்றுவிட்டானாம். ஆஸ்திரேலியா மகள் அழுகிறாளாம். கோயமுத்தூரில் அப்பா அம்மா வீட்டின் மேல் இத்தனை பாசமுள்ள பிள்ளைகள் இருப்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிய வந்தது. "பேரு கேட்டா செல்வின்னு மட்டும் சொல்லுங்கம்மா, மீதிய நான் பேசிக்கறேன்" என்கிறார் சுப்பண்ணன். நல்ல மனிதர்தான். பெயரில் பாதியை வாசலிலே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறார்.

விலையும் சும்மா இல்லை. பக்கத்துத் தெருவில் யாரோ யாருக்கோ விற்ற விலையைக் காதில் வாங்கிக்கொண்டு எல்லோரும் அதற்கு மேல் ஏறி நிற்கிறார்கள். வாங்க வருகிறவர்களோ இறங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். நடுவில் என்னைப் போலப் பணத்தோடு வருகிறவளை வேண்டாம் என்கிறார்கள்.

உங்களுக்கு எழுதினதில் மனசு லேசாகிவிட்டது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

தங்கள் தங்கை,
அன்புச்செல்வி


சிங்காநல்லூர்
20.2.2025

அன்புக் கண்ணுக்கு,

உன் கடிதத்தைப் படித்து வயிறெரிந்துபோனேன். இந்தக் காலத்திலும் இப்படியா? முன்னேறிவிட்டோம் என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள், ஒரு வீடு விற்க இத்தனை கேள்வி! பக்கத்தில் இருந்திருந்தால் உன்னோடு ஸ்கூட்டரில் நானும் வந்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். நீ மனசு விட்டுவிடாதே. உன் குணத்துக்கு நல்ல வீடே அமையும்.

இங்கே என் கதை முன்னே போகவில்லை. போன வாரம் வந்தவர் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு போனார், ஆளைக் காணோம். இன்னொரு பையன் வங்கிக் கடனுக்கு அலைகிறேன் என்று நடுவிலே விலகிவிட்டான். சின்ன வயசுக்காரர்களெல்லாம் சரவணம்பட்டிப் பக்கம் புது பிளாட் போய்விடுகிறார்கள். நீச்சல் குளம் இருக்கிறதாம். நம் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வீடு அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

இப்போது மனோஜ்குமார் போதாது என்று நந்திதா இன்னும் நாலு புரோக்கரிடம் சொல்லிவைத்திருக்கிறாள். யார் எவரை அழைத்து வருகிறார் என்றே எனக்குத் தெரிவதில்லை. என் ஆசை ஒன்றுதான். இந்த வீட்டை இடிக்காமல் குடியிருக்கிற நல்ல மனுஷர் யாராவது வந்தால் விலையைக் குறைத்துக்கூடக் கொடுத்துவிடுவேன். அப்படி ஒருத்தரும் கண்ணில் படவில்லை.

போன ஞாயிறு யாரும் வரவில்லை. போட்ட டிகாஷனை நானே இரண்டு தடவை குடித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. பேச்சுத் துணைக்கு டிவியை ஓடவிட்டுவிட்டுப் படுத்திருக்கிறேன். நீ ஒரு நாள் வாயேன்.

உன் அக்கா,
புவனா


கிணத்துக்கடவு
10.3.2025

அன்பான அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன். நீங்களாகச் சொல்லுவீர்கள் என்று காத்திருந்தேன். உங்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. தோன்றாதது தப்பில்லை. நானே கேட்டுவிடுகிறேன்.

அக்கா, உங்கள் வீட்டை எனக்குக் கொடுப்பீர்களா?

நீங்கள் மற்றவர்களிடம் சொல்லுகிற விலையே எனக்கும். குறைக்க வேண்டாம். கடன் இல்லை, வங்கிக்கு அலைய வேண்டியதில்லை, கையில் இருப்பதோடு ஊரில் அப்பா பெயரில் இருந்த மனையை விற்றால் சரியாக வரும். நீங்கள் கூட்டிச் சொல்வதைக் கொஞ்சம் நிறுத்திக்கொண்டால் போதும். தெற்குப் பார்த்தது என்பதில் எனக்கு ஒரு பயமும் இல்லை. ஒரு செங்கல் இடிக்க மாட்டேன்.

இன்னொன்றும் யோசித்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. புனேக்குப் போக உங்களுக்கு மனசில்லை. எனக்கும் தனியாக இருந்து இருந்து அலுத்துவிட்டது. வீடு என் பெயருக்கு மாறினாலும் நீங்கள் எங்கும் போக வேண்டாம். உங்கள் அறை உங்களுக்கே. நந்திதாவுக்குப் பணமும் கிடைத்துவிடும், அம்மா தனியாக இல்லை என்ற நிம்மதியும் இருக்கும். காலையில் ஒருத்தி காபி போட்டால் சாயங்காலம் இன்னொருத்தி. ஆபீஸில் இருந்த மாதிரியே பக்கத்துப் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகலாம்.

மெர்சியிடம்கூட இதைச் சொல்லவில்லை. உங்கள் பதில் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். நாலைந்து நாளாகத் தபால்காரர் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் கடிதத்தையே போடவில்லை பாருங்கள்!

தங்கள் தங்கை,
அன்புச்செல்வி


சிங்காநல்லூர்
21.3.2025

அன்புள்ள அன்புவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஆனால் பார், நம் நேரத்தை. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள்தான் கோபிசெட்டிபாளையத்துக்காரர் ஒருத்தரிடம் அச்சாரம் வாங்கிவிட்டேன். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டாகிவிட்டது. இனிமேல் பேச்சு மாறினால் நன்றாக இருக்காது, இல்லையா? நீ ஒரு மாதம் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

உனக்கு என்று ஒரு வீடு எங்கேயோ இருக்கிறது. வெயில் ஏறிவிட்டது, மத்தியானத்தில் ஸ்கூட்டரில் அலையாதே, மோர் குடி. மெர்சிக்கு என் ஆசிகள்.

அவசரத்தில்,
புவனா


கிணத்துக்கடவு
28.4.2025

அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அச்சாரம் வாங்கியதில் சந்தோஷம் என்று எழுதி வைத்திருந்தேன், போடவில்லை. நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சுப்பண்ணன் போன் செய்தார். "சிங்காநல்லூர்ல ஒண்ணு வந்திருக்குதுங்கம்மா. கொளத்துப் பக்கம். தெக்குப் பாத்தது, அதனால வெலை எறங்குவாங்க. பார்ட்டிக்கு அவசரமுங்க" என்றார். ஆராதனை முடிந்ததும் நானும் மெர்சியும் போனோம். ஸ்கூட்டர் உங்கள் தெருவில் திரும்பியபோது வேறு வீடாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். கேட்டில் மனோஜ்குமார் சாவியோடு நின்றிருந்தார். வீட்டுக்காரம்மா ஒரு கல்யாணத்துக்குக் கோபி போயிருக்கிறார்கள், நீங்கள் தாராளமாகப் பாருங்கள் என்றார். உங்களைத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. அதை மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். நந்திதா பெரியவளான சீருக்கு வந்தேன், அவர் காரியத்துக்கு வந்தேன், சும்மாவும் வந்தேன். ஒவ்வொரு தடவையும் முன் ஹாலில் அந்தப் பச்சை சோபா. நீங்கள் உள்ளே போய் காபி கொண்டுவருவீர்கள், நான் சோபாவில் இருப்பேன். இருபத்தாறு வருஷமும் அப்படித்தான் இருந்தது என்பது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது. வீடு வாங்க வந்தவளுக்கு எல்லா அறையும் காட்டுகிறார்கள் அக்கா. உங்கள் சமையலறையைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் முருங்கை மரம் இருக்கிறது. கறிவேப்பிலையைத் தண்ணீர் டம்ளரில் போட்டு வைத்திருக்கிறீர்கள், நானும் அப்படித்தான் வைப்பேன். சாமி அறைக் கதவை மனோஜ்குமாரே திறந்து விளக்கைப் போட்டு, "பாருங்கம்மா, நல்லா விஸ்தாரமா இருக்குதுங்க" என்றார். நான் செருப்பை வாசலில் விட்டுத்தான் வந்திருந்தேன். இருந்தாலும் காலை உள்ளே வைக்காமல் நின்றேன். மெர்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு, போலாம் அத்தை என்றாள்.

அச்சாரம் ஏதாவது ஆகியிருக்கிறதா என்று கேட்டேன். "இன்னும் ஒரு ரூவா கூட ஆருகிட்டயும் வாங்கலீங்க" என்றார்.

நந்திதா சொல்லிவைத்த புரோக்கர்களில் யாரோ ஒருத்தர் சுப்பண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அத்தனை பேரிடமும் சொல்லி நிறுத்த உங்களுக்கு மறந்துவிட்டது. உங்களுக்கு ஒரு மகனாவது மகளாவது வெளிநாட்டில் இருந்திருந்தால் இத்தனை சிரமம் இருந்திருக்காது. இதை வேடிக்கைக்காக எழுதினேன், வேடிக்கையாக வரவில்லை.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் எனக்கு இத்தனை வலித்திருக்காது. வீடு நன்றாக இருக்கிறது அக்கா. யாரும் இடிக்காமல் இருக்கட்டும்.

அன்புச்செல்வி


சிங்காநல்லூர்
3.5.2025

என் கண்ணு அன்புவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். பொய் சொன்னேன். அச்சாரமும் இல்லை, கோபிக்காரரும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லு.

நீ வீட்டைக் கேட்டு எழுதிய அன்று எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. இதை எப்படி நான் யோசிக்காமல் போனேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். நிலமோ வீடோ வெளியாருக்குக் கொடுப்பதற்கு முன் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில் என் கொழுந்தனார் அங்கப்பன் இருக்கிறாரே, அவரிடம் போய்ச் சொன்னேன். என் சிநேகிதி கேட்கிறாள், கொடுக்கப்போகிறேன் என்றேன். ஆர் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். அவருக்கு உன்னைத் தெரியும். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"உங்க ஊடுங்க நங்கையா, ஆருக்கு வேணும்னாலும் குடுங்க, நாங்க குறுக்க நிக்கலீங்க" என்று அண்ணிக்கு உண்டான மரியாதையோடு சொன்னார். "அந்தம்மா தங்கமான மனுஷிங்க, எனக்குத் தெரியாதுங்களா. எங்க பையன் சபரீசுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கறோமுங்க. வர்றவங்க கேப்பாங்க பாருங்க, ஒட்டுச் சுவத்துல ஆரு இருக்கறாங்கன்னு. அதுக்கு என்ன சொல்லறதுன்னு மட்டும் எனக்குச் சொல்லிக் குடுத்துப்போட்டு நீங்க குடுங்க." அத்தனை 'ங்க' போட்டுப் பேசினார். சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நந்திதா அப்பா போன பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர் கொழுந்தனார்தான். நாளைக்கு எனக்கு ஒன்றென்றால் ஓடிவர வேண்டியவர். பயந்துவிட்டேன். வேறொன்றும் இல்லை, பயம்தான்.

சோபாவைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அது நான் நினைத்துச் செய்ததில்லை. நினைக்காமலே இத்தனை வருஷம் செய்திருக்கிறேன் என்பது இன்னும் மோசம்.

இப்போது முடிவு செய்துவிட்டேன். வீடு உனக்குத்தான். வருகிற வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. பத்திரம் எழுதுகிறவரிடம் நாம் இருவரும் போய்விடுவோம். கொழுந்தனாருக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம். பதிவு முடிந்துவிட்டால் அவரால் என்ன செய்ய முடியும்? நீ குடிவருவதையும் சபரீஷ் கல்யாணம் முடிகிற வரை கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம். பால் காய்ச்சுவதைக்கூட விடியற்காலையில், சத்தமில்லாமல் நாம் இரண்டு பேர் மட்டும் செய்துகொள்வோம். அதன்பிறகு நீ சொன்ன மாதிரியே ஒரே வீட்டில் இருந்துவிடலாம். யாராவது கேட்டால் துணைக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் போகிறது.

வெள்ளிக்கிழமை கட்டாயம் வா. ஆஸ்பத்திரிக்குத்தான் போன் என்ற பேச்சை மீறி உனக்குப் பல தடவை அடித்துவிட்டேன், நீ எடுக்கவில்லை.

உன்,
புவனா


22.6.2025

அன்புள்ள புவனா அக்கா அவர்களுக்கு,

நலம். தங்கள் கடிதம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை வர முடியாததற்கு வருந்துகிறேன்.

நீங்கள் உண்மையை எழுதியதற்கு நன்றி. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அங்கப்பன் அவர்கள் இல்லாமல் உங்களால் இருக்க முடியாது. ஆனால் விடியற்காலையில் சத்தமில்லாமல் பால் காய்ச்சுவது எனக்கு வராது அக்கா. என் சொந்தப் பணத்தில் வாங்கிய வீட்டில் துணைக்கு வைத்த ஆளாக இருப்பதும் வராது. அதை எழுதும்போது உங்களுக்கு எப்படி இருந்ததோ தெரியாது. நீங்கள் நல்லது என்று நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது.

நான் வீடு வாங்கிவிட்டேன். கிணத்துக்கடவைத் தாண்டி, பொள்ளாச்சி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு புது லே-அவுட். தென்னந்தோப்பாக இருந்த இடம். கட்டிய ஒருத்தர் கடனை அடைக்க முடியாமல் விற்றார். யார் என்ன என்று கேட்க அவருக்கு நேரமில்லை. சுற்றிலும் மனைக் கற்கள்தான், தூரத்தில் இன்னும் இரண்டு வீடு, அவையும் பூட்டியிருக்கின்றன. என் பக்கத்தில் யார் வருவார்கள் என்று ஆட்சேபிக்க இங்கே ஆளே இல்லை. பேசவும் ஆளில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மயில் அகவுவது மட்டும்தான் கேட்கும். சபைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும்.

போன ஞாயிறு பால் காய்ச்சினோம். சபையார் ஒரு வேனில் வந்து நன்றாகச் சத்தமாகப் பாடினார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தபோது நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள். நந்திதாவுக்கு என் அன்பு.

அன்புச்செல்வி


சிங்காநல்லூர்
17.8.2025

அன்புள்ள அன்புவுக்கு,

உன் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு முகவரி எழுதிக்கொள்ளலாம் என்று உறையைத் திருப்பினேன். அனுப்புநர் இடம் காலியாக இருந்தது. உள்ளேயும் தேதி மட்டும்தான். அனுப்புநர் முகவரி இல்லாமல் யாராவது நீட்டினால் நீ எப்படித் திட்டுவாய் என்று எனக்குத் தெரியும். நீ மறந்திருக்க மாட்டாய். அதனால் அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

மனோஜ்குமாரிடம் சொல்லிப் பலகையை எடுத்துவிட்டேன். ஆடியில் யாரும் வீடு பார்க்க வருவதில்லை, ஆவணியிலும் இனி வர மாட்டார்கள். அங்கப்பன் வந்து, சபரீஷுக்கு வேண்டும், நாமே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விலை சொன்னார். அடிமாட்டு விலை. முடியாது என்றேன். அவர் முகத்துக்கு நேரே நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இப்போது அந்த வீட்டிலிருந்து என்னிடம் யாரும் பேசுவதில்லை. யாருக்குப் பயந்து உன்னை விட்டேனோ அவர்களும் இல்லாமல் போனார்கள்.

போன வாரம் நான் உன்னைத் தேடி வந்தேன். கிணத்துக்கடவு பஸ் ஏறி, தாண்டி இறங்கி, வழியில் பார்த்த லே-அவுட்டில் எல்லாம் நுழைந்தேன். வீடு வாங்க வந்தவள் என்று சொன்னால்தான் உள்ளே விடுகிறார்கள். குடை பிடித்துக்கொண்டு ஒரு பையன் அழைத்துப்போய் மனை காட்டுவான், நான் வீடுகளைப் பார்ப்பேன். நாலாவது இடத்தில் ஆபீஸ் போட்டிருந்தவர் நடுவயதுக்காரர். என் பேச்சைக் கேட்டதுமே, ஊர் எது, கூட்டம் எது என்று விசாரித்துவிட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டார். நானாகக் கேட்காமலே சமாதானம் சொன்னார். "அதா, அந்தக் கடைசில தெரியுதே, அந்த ஒரு ஊடு மட்டுந்தானுங்க வேற ஆளுங்க வாங்கிப்போட்டாங்க. எங்களுக்குத் தெரியாம நடந்துபோச்சுங்க. மீதி பூராத்தையும் பாத்துத்தானுங்க குடுப்போம். நீங்க தைரியமா வாங்கலாமுங்க."

அப்படித்தான் உன் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

"அது என் சிநேகிதி ஊடுங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அந்த ஆள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். யாரென்றே தெரியாத ஒருவரிடம் அதைச் சொல்ல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் போனேனே என்று வெயிலில் நின்று அழுதேன்.

உன் கேட் வரை வந்தேன். வெள்ளையும் நீலமுமாக வீடு அழகாக இருக்கிறது. கொடியில் உன் மஞ்சள் புடவை காய்ந்தது. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அன்பு என்று கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டிருந்தால் நீ வந்திருப்பாய், எனக்குத் தெரியும். உட்காரச் சொல்லிக் காபியும் கொடுத்திருப்பாய், உன் குணம் அது. நீ கூப்பிடாமல் உள்ளே வர எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். பஸ் ஸ்டாப் வரை அந்தச் சத்தம் கேட்பது போலவே இருந்தது.

உன் வீட்டு மனை எண், தெரு எல்லாம் கேட்டில் எழுதியிருந்தது. மனப்பாடமாகிவிட்டது. ஆனாலும் இந்தக் கடிதத்தை நீ காலி செய்த அந்த வாடகை வீட்டு முகவரிக்குத்தான் போடுகிறேன். தபால்காரர் விசாரித்துக் கொண்டுவந்து கொடுத்தால் கொடுக்கட்டும், கொடுக்காவிட்டால் போகட்டும். நீ எனக்குக் கொடுக்காத முகவரியை உறையில் எழுத எனக்குக் கை வரவில்லை.

உன்,
புவனா